கையெழுத்துப் போட்ட பிறகு: பிணையில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு

கடன் கொடுப்பவரோ, வீட்டை விற்க ஒப்புக்கொள்பவரோ, வேலையைக் குத்தகைக்கு விடுபவரோ எதிராளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடுவதில்லை. நாளை சொன்னபடி நடக்காவிட்டால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று பார்ப்பார்கள். ஒருவர் மூன்றாம் ஆளின் கையெழுத்தைக் கேட்பார். இன்னொருவர் மூலப் பத்திரத்தையோ நகையையோ முன்பணத்தையோ கேட்பார். தொகை எழுதாத காசோலையை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எல்லாமே பிணைதான் என்றாலும், ஒப்பந்தம் முறிந்த பிறகு ஒவ்வொன்றிலும் பொறுப்பு வேறு ஆள் மீது, வேறு அளவில் விழுகிறது.

இதைப் பற்றிப் பேசும்போது பிணை கொடுத்தவர் என்ன கட்ட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பிணையை வாங்கி வைத்தவருக்கும் சட்டத்தில் கடமைகள் உண்டு. அவற்றில் அவர் தவறினால் பிணையில் ஒரு பகுதியோ, சில சமயம் முழுவதுமோ அவர் கையை விட்டுப் போய்விடும். வழக்கில் பிரதிவாதியாக நிற்பவருக்குக் கடைசியில் கைகொடுப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் இந்த அத்தியாயத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஜாமீன் கையெழுத்து

"ஒரு கையெழுத்துதான் மச்சான், தவணையெல்லாம் நான் கட்டிருவேன்." இப்படிக் கேட்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. கட்டிவிடலாம் என்றுதான் அவரும் நம்புகிறார். தவறாகப் புரிந்துகொள்பவர் கையெழுத்துப் போடுகிறவர்தான். கல்யாணப் பதிவில் சாட்சி போடுவது போல நினைத்துவிடுகிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தத்தில் வரம்பு எதுவும் எழுதாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 128ஆம் பிரிவு. அசலோடு வட்டியும் செலவும் சேரும். கடனில் ஒரு ரூபாய்கூட ஜாமீன்தாரர் கையில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடன் வாங்கியவருக்கு நன்மை கிடைத்திருந்தாலே ஜாமீன் ஒப்பந்தம் செல்லும் என்று 127ஆம் பிரிவு முடித்துவிடுகிறது.

"முதலில் அவர் சொத்தை ஜப்தி செய்யுங்கள், மீதிக்கு என்னிடம் வாருங்கள்" என்ற பேச்சும் நிற்காது. பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் கீழ்க்கோர்ட்டு அப்படித்தான் உத்தரவிட்டிருந்தது: கடன்காரரிடம் வசூலிக்கும் வழியெல்லாம் தீர்ந்த பிறகே ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று. 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. கடன்காரரிடம் வசதி இருந்தும் வங்கி நேராக உங்கள் சம்பளத்தின் மீது கை வைக்கலாம். கம்பெனிக் கடனுக்கு இயக்குநர்கள் ஜாமீன் நின்றிருந்தால் நிலைமை இன்னும் கடுமை. திவால் சட்டத்தின் கீழ் கம்பெனிக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டு, வங்கி பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் ஜாமீன்தாரர் தப்ப முடியாது என்று 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். 128ஆம் பிரிவே வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடம் தருகிறது. "வட்டி உட்பட 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல்" என்று ஒரு வரி சேர்த்தால் உங்கள் பொறுப்பு அங்கே நின்றுவிடும். எந்தக் கடன், எந்தத் தேதியில் வாங்கியது என்று கடன் கணக்கைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அச்சடித்த படிவங்களில் "இப்போதும் இனிமேலும் பெறும் எல்லாக் கடன்களுக்கும்" என்ற வாசகம் அடிக்கடி இருக்கும். தொழில் செய்யும் மைத்துனருக்கு ஓவர்டிராஃப்டுக்கு ஜாமீன் நிற்பவர் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

இப்படி வரிசையாக வரும் கடன்களுக்கான தொடர் ஜாமீனை, இனி வரப்போகும் கடன்களைப் பொறுத்தவரை, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது 130ஆம் பிரிவு. ஒப்புகை கிடைக்கும் விதத்தில் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே கொடுத்து முடிந்த கடன் அப்படியே உங்கள் தலையில் நிற்கும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஜாமீன்தாரர் இறந்தாலும் வருங்காலக் கடன்களுக்கான ஜாமீன் முடிந்துவிடும். பழைய பாக்கிக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பாகும். வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

இனி கடன் கொடுத்தவரின் பக்கம். ஜாமீன்தாரரிடம் கேட்காமல் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை. இது 133ஆம் பிரிவு. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. வங்கி மேலாளராகச் சேர்ந்தவரின் நடத்தைக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிறார். பிறகு அவருக்குத் தெரியாமல் மேலாளரின் சம்பளத்தை உயர்த்தி, வாடிக்கையாளர்களின் அதிகப்பற்றால் வரும் நஷ்டத்தில் கால் பங்கை மேலாளர் ஏற்பது என்று வங்கி பேசிக்கொள்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு மேலாளர் அதிகப்பற்று அனுமதித்து, வங்கிக்கு நஷ்டம் வருகிறது. ஜாமீன்தாரர் விடுபடுகிறார். இந்த உதாரணத்தில் மாற்றம் அவருக்கு நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சி இல்லை. அவருடைய சம்மதம் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கடன்காரரோடு தனியாகச் சமரசம் பேசி, கெடு நீட்டிப்பதாகவோ வழக்குப் போடுவதில்லை என்றோ கடன் கொடுத்தவர் வாக்களித்தால், 135ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரர் விடுபடுவார். இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். கடன் கொடுத்தவர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தது கெடு நீட்டித்ததாகாது என்று 137ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "இரண்டு வருஷமாக அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை" என்று வாதாடிப் பயனில்லை. எழுத்திலோ பேச்சிலோ ஓர் உடன்பாடு இருந்ததைக் காட்ட வேண்டும். தவணைகளை மாற்றியமைத்த கடிதம், வட்டி விகிதத்தை உயர்த்தி இருவரும் கையெழுத்திட்ட தாள் போன்றவற்றைத் தேடிப் பாருங்கள்.

139, 141ஆம் பிரிவுகளும் கடன் கொடுத்தவரின் கவனக்குறைவை அவர் தலையிலேயே கட்டுகின்றன. தொழில் கற்க ஒரு பையனைச் சேர்த்துவிட்டு அவன் நேர்மைக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிறார். மாதம் ஒருமுறையாவது அவனைக் கல்லாக் கணக்கை முடிக்கச் சொல்லிப் பார்ப்பதாக முதலாளி வாக்குக் கொடுக்கிறார். அதைச் செய்யவில்லை. பையன் பணத்தைக் கையாடிவிடுகிறான். ஜாமீன்தாரர் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. அதேபோல் 2,000 ரூபாய் கடனுக்கு ஒருவரின் ஜாமீனோடு கடன்காரரின் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஈடாக வாங்கியவர், பிறகு அந்த ஈட்டை ரத்து செய்துவிடுகிறார். கடன்காரர் நொடித்துப்போகிறார். சாமான்களின் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரரின் பொறுப்பு குறைகிறது. இவை இரண்டும் சட்டத்திலேயே உள்ள உதாரணங்கள். இன்றைக்கு இதே கேள்வி லாரிக் கடனில் வரும்: அடமானத்தில் இருந்த லாரியை நிதி நிறுவனமே கடன்காரர் விற்கும்படி விட்டுவிட்டால் ஜாமீன்தாரர் எவ்வளவு கட்ட வேண்டும்?

ஆனால் வங்கிப் படிவங்கள் இந்தப் பாதுகாப்பையெல்லாம் ஒரே பத்தியில் எழுதி வாங்கிவிடும். "கடன்காரருக்கு எந்தச் சலுகை அளித்தாலும், பிணையை விடுவித்தாலும் என் பொறுப்பு பாதிக்கப்படாது" என்று இருந்தால், மேலே சொன்ன வாதங்களில் பலவும் எடுபடாமல் போகலாம். அதை அடித்துத் தரச் சொன்னால் வங்கி ஒப்பாது. அப்போதும் படிவத்தின் நகலையாவது கேட்டு வாங்கி வையுங்கள். வழக்கு வரும்போது எந்தப் பத்தியில் கையெழுத்திட்டோம் என்றே தெரியாமல் பதில் மனு எழுத முடியாது. ஜாமீன் நின்ற கடன் உங்கள் கடன் தரவு அறிக்கையிலும் ஏறும். உங்கள் சொந்த வீட்டுக்கடன் விண்ணப்பத்தின்போது அது எட்டிப் பார்க்கும்.

கடைசியில் கட்டியே ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாகவே கட்டுங்கள். ரசீதில் "ஜாமீன்தாரர் என்ற முறையில்" என்று எழுதச் சொல்லுங்கள். கட்டிய அந்தக் கணத்திலிருந்து கடன் கொடுத்தவரின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அவர் கையில் இருந்த அடமானமும் நகையும் உங்களுக்கு வர வேண்டும். கட்டிய தொகையை 145ஆம் பிரிவின்படி கடன்காரரிடம் கேட்கலாம். உடன் ஜாமீன் நின்றவர்களிடம் பங்கும் கேட்கலாம். மூன்று பேர் 3,000 ரூபாய்க்கு ஜாமீன் நின்றால் ஆளுக்கு 1,000. ஒருவர் 10,000, இன்னொருவர் 20,000, மற்றவர் 40,000 என்று வெவ்வேறு வரம்பு வைத்திருந்தால், அவரவர் வரம்புக்குள் சமமாகப் பிரியும். 40,000 பாக்கி விழுந்தால் முதலாமவர் 10,000 கட்டுவார், மற்ற இருவரும் 15,000 வீதம். இந்த வழக்குகளுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். கடன்காரர் மீதான வழக்குக்கு நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்தும், உடன் ஜாமீன்தாரர் மீதான வழக்குக்கு உங்கள் பங்குக்கு மேல் கட்டிய நாளிலிருந்தும் அது எண்ணப்படும். உறவுக்காரர் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கெடு போய்விடும்.

முன்பணமும் அபராதமும்

நம் ஊர்க் கிரய ஒப்பந்தங்களில் ஒரு பழைய வாசகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: வாங்குபவர் கெடுவுக்குள் கிரயம் செய்துகொள்ளாவிட்டால் முன்பணத்தை இழக்க வேண்டியது, விற்பவர் எழுதிக்கொடுக்காவிட்டால் இரட்டிப்பாகத் தர வேண்டியது. எழுதிவிட்டோம், அதனால் கிடைத்துவிடும் என்று இரு தரப்பும் நம்புகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் குறித்த தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும்.

டெல்லியில் 1,12,500 ரூபாய்க்குப் பேசிய ஒரு சொத்தில், வாங்குபவர் 1,000 ரூபாய் அச்சாரமும் பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். ஒப்பந்தம் முறிந்தது. 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், அச்சாரமான 1,000 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்யும் நிபந்தனை அபராதம், அது 74ஆம் பிரிவுக்குக் கட்டுப்படும் என்றது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் கோழியும் வழங்க ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் 18,500 ரூபாய் காப்புத்தொகை கட்டியிருந்தார். சரக்கு வரவில்லை என்று அரசு அதை எடுத்துக்கொண்டது. அரசு தன் நஷ்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபித்திருக்க முடியும், நிரூபிக்கவில்லை, அதனால் வைத்துக்கொள்ள முடியாது என்பது 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

எனக்குப் பிடித்தது 2015இல் வந்த கைலாஷ் நாத் தீர்ப்பு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டு, அதில் கால் பங்கான 78 லட்சத்தை வாங்கி வைத்திருந்தது. பிறகு ஏலத்தை ரத்து செய்து 78 லட்சத்தையும் பறிமுதல் செய்தது. அதே மனையை 1994இல் 11.78 கோடிக்கு விற்றது. லாபம் பார்த்தவர் நஷ்ட ஈடு கேட்பதா என்ற கேள்விக்கு விடை எளிது: பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலத்தின் விலை ஏறிய பிறகும் வாங்குபவரின் முன்பணத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனையாளருக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

விற்பவர் பக்கத்துக்கும் நியாயம் உண்டு. நஷ்டத்தை ரூபாய்க் கணக்கில் காட்டுவதே கடினமான ஒப்பந்தங்களில், இரு தரப்பும் யோசித்து எழுதிய நியாயமான தொகையை நிரூபணம் இல்லாமலும் கொடுக்கலாம் என்று 2003இல் ஓஎன்ஜிசி எதிர் சா பைப்ஸ் வழக்கில் தீர்ப்பானது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது அச்சாரம் எவ்வளவு, விலையின் பகுதியாகக் கொடுக்கும் முன்பணம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். அச்சாரத்தைச் சிறிதாக வையுங்கள். நஷ்டஈட்டுத் தொகையை எப்படிக் கணக்கிட்டோம் என்பதற்கு ஒரு வரி சேர்த்தால், அது பயமுறுத்தல் அல்ல என்று பின்னால் காட்ட உதவும்.

வாங்குபவருக்கு இன்னும் சில விஷயங்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். கிரயம் செய்துதரக் கோரி வழக்குப் போடும்போது, அது கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் கொடுக்காது என்பது 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. விட்டுப்போயிருந்தால் மனுவைத் திருத்தலாம். கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்கு உரிமைப்பற்று உண்டு என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. காரணமில்லாமல் நீங்களே பின்வாங்கியிருந்தால் அது கிடையாது.

வட்டியை உயர்த்தும் நிபந்தனையையும் 74ஆம் பிரிவு விட்டுவைக்கவில்லை. 12 சதவீத வட்டிக்கு 1,000 ரூபாய் வாங்கி, கெடு தவறினால் அன்றிலிருந்து 75 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது அபராதம் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. வங்கிகளுக்கு இன்னும் நேரடியான விதி இருக்கிறது. தவணை தவறியதற்கு வட்டி விகிதத்தின் மேல் அபராத வட்டி ஏற்றக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் அறிவுறுத்தியது. 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறையில் உள்ளது. உங்கள் கணக்குத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வெற்றுக் காசோலை

இதைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அறிவுரை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையையும் வாங்குபவர் பெயரையும் எழுதி, காசோலை எண்ணைக் கடன் பத்திரத்திலேயே குறித்துவிடுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற சட்ட ஊகம் நிற்கும் என்று 2019இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மறுத்து நிரூபிப்பது உங்கள் வேலை. அதே சமயம், கடனில் ஒரு பகுதியைக் கட்டிய பிறகும் முழுத் தொகைக்கான காசோலையை அப்படியே வங்கியில் போட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுக் குற்றம் ஆகாது என்று 2022இல் தீர்ப்பு வந்திருக்கிறது. பகுதிப் பணம் கட்டும்போதெல்லாம் வங்கி வழியாகக் கட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நகையும் பத்திரமும்

அடகு வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனத்தோடு நகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பதென்றால் நியாயமான முன்னறிவிப்புத் தர வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த பணம் நகைக்காரருக்கு. குறைந்தால் மீதியை அவர் கட்ட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கும் அடகுக்காரர் கடனையும் வசூலிக்க முடியாது என்பது 1966ஆம் ஆண்டு லல்லன் பிரசாத் வழக்கின் தீர்ப்பு. நகைக்கு ரசீது வாங்கும்போது எடை, கல் எடை, தரம் மூன்றும் அதில் இருக்கட்டும்.

பத்திரத்தை அடமானம் வைத்த கடனில், தனியார் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். வங்கிக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் குறுக்கு வழி கொடுத்திருக்கிறது. வாராக்கடன் ஆன பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். பிறகு சொத்தை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கை. அதிலிருந்து 45 நாளுக்குள் சென்னை, கோவை, மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முழுப் பாக்கியையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் செல்லாது. 60 நாள் நோட்டீஸைப் பார்த்து மிரண்டு பதில் எழுதாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய இழப்பு. கணக்கில் தவறு, அபராத வட்டி, விவசாய நிலம் என்று எதிர்ப்புக்குரிய எல்லாவற்றையும் அந்த ஆட்சேபக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடன் முடிந்த பிறகு பத்திரத்தைத் திருப்பித் தருவதில் வங்கிகள் இழுத்தடித்த காலம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தனிநபர் கடன்களில், முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும், பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் தொலைந்துபோயிருந்தால் நகல் எடுக்கும் செலவும் வங்கியைச் சேர்ந்தது. அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. வங்கி பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டதோடு நின்றுவிடாதீர்கள். அடமானத்துக்குப் பதிவு அலுவலகத்தில் ரத்து ரசீது பதிவாக வேண்டும். ஒரு மாதம் கழித்துப் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, ரத்து ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.